மாங்கூழ் இருக்க பாமாயில் எதற்கு? பால் சேர்க்காத பழ ஐஸை வீட்டிலேயே செய்யலாம்

2025 ஜூன் மாதம் கிருஷ்ணகிரி பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. கிளிமூக்கு மாங்காய் விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்குச் சரிந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. கொண்டுபோன காயை ஆலை வாசலில் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் கொட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. முந்தைய ஆண்டு எடுத்த கூழ் விற்காமல் தேங்கியிருக்கிறது, அதனால் புதிதாக வாங்க முடியாது என்றார்கள் ஆலைக்காரர்கள். ஆந்திராவில் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும்படி, ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் கொடுப்பதாக ஏற்பாடு நடந்தது. கர்நாடகாவில் 2.5 லட்சம் டன்னுக்குக் குவிண்டால் 1,616 ரூபாய் என்று வைத்து, விலை வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புக்கொண்டது. நம் பக்கத்து விவசாயிகளும் இப்படி ஒரு ஏற்பாட்டைக் கேட்டுத்தான் போராடினார்கள்.

அதே கோடையில், அதே ஊர்களின் பெட்டிக்கடைகளில் கப் ஐஸ் விற்பனை ஒரு குறைவும் இல்லாமல் நடந்தது. அந்தக் கப்பின் பின்பக்கத்தை நீங்கள் எப்போதாவது திருப்பிப் பார்த்தது உண்டா? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சமையல் குறிப்பும் உண்டு. ஆனால் அதற்கு முன் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது.

லேபிளில் இருக்கும் இரண்டு பெயர்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, சாதாரண ஐஸ்கிரீம் என்று சொல்லி விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ தாவர எண்ணெய், தாவரக் கொழுப்பு போட்டால் அதன் பெயர் 'ஃப்ரோசன் டெசர்ட்'. பெரும்பாலும் அந்தத் தாவரக் கொழுப்பு பாமாயில் வகையாகவே இருக்கிறது. இரண்டும் சட்டப்படி விற்கத் தகுந்தவைதான். ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருப்பதாகச் சொன்ன அமுல் விளம்பரத்தை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர்நீதிமன்றம் போய், 2017ல் அந்த விளம்பரத்துக்குத் தடை வாங்கியதும் நடந்தது. ஆகவே இது விஷம், அது அமுதம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். ஆனால் எது எதிலிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்குவது உங்கள் உரிமை.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. தாவரக் கொழுப்பு என்று எழுதியிருப்பதால் அதில் பாலே இல்லை என்று நினைத்து, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கொழுப்புதான் மாறுகிறது, பால் போய்விடுவதில்லை. பெரும்பாலான ஃப்ரோசன் டெசர்ட்டில் 'மில்க் சாலிட்ஸ்' எனப்படும் பால் திடப்பொருள் சேர்ந்தே இருக்கும். பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிறு ஊதுபவர்களுக்கு இது உதவாது. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஆபத்தாகவே முடியலாம்.

இன்னொன்று காற்று. ஐஸ்கிரீம் மில்லி லிட்டரில் விற்கப்படுகிறது, கிராமில் அல்ல. கடையும்போது காற்றைச் சேர்த்து உப்பவைப்பது அந்தத் தொழிலின் இயல்பான முறை. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும் என்கிறது விதி. அதாவது அரை லிட்டர் டப்பாவில் கால் கிலோவுக்குச் சற்று மேல் பொருள் இருந்தாலும் அது முறைப்படி சரி. வீட்டில் பழத்தை அரைத்து உறையவைத்தால் அரை லிட்டர் டப்பாவில் ஏறத்தாழ அரை கிலோ பழமே இருக்கும். விலையை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

2025 மே 30 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. அடுத்து செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமானது. சமையல் எண்ணெய் விலை ஏறியிருந்த நேரத்தில் முதல் முடிவுக்கு ஒரு நியாயம் இருந்தது. இரண்டாவதில் ஆவின் போன்ற கூட்டுறவு ஐஸ்கிரீமுக்கும் பலன் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இறக்குமதி எண்ணெயில் செய்யும் குளிர் இனிப்புக்கு மூலப்பொருளிலும் விற்பனை வரியிலும் சேர்ந்தே சலுகை கிடைத்திருக்கிறது. மாம்பழமும் வாழையும் விளைவிக்கும் உங்களுக்கு அப்படி எதுவும் நேராக வந்து சேரவில்லை.

பால்மாடு வைத்திருக்கும் வாசகர்கள் 'பால் சேர்க்காத ஐஸ்' என்ற தலைப்பைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பாலுக்கு ஐஸ்கிரீம் சந்தையில் போட்டி பழம் அல்ல, பாமாயில்தான். வீட்டில் பழ ஐஸ் செய்பவர் பால் வாங்குவதை நிறுத்துவதில்லை. நிறுத்தவும் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

உறையும்போது என்ன நடக்கிறது?

பழச்சாற்றை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகிவிடுகிறது. கடையில் வாங்குவது மட்டும் எப்படிக் குழைவாக இருக்கிறது? காரணம் எளிது. தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனிப்படிகங்கள் உருவாகும். நாக்கில் மணல் மாதிரி நெறுநெறுப்பது அதுதான். அந்தப் படிகங்களைச் சிறிதாக வைத்திருக்க நான்கு வழிகள் உண்டு: சர்க்கரை, கொழுப்பு, நார்ப்பொருள், கிளறல். சர்க்கரை அதிகமானால் உறைநிலை கீழே இறங்கி ஐஸ் மிருதுவாகும். அதனால்தான் கடைச் சரக்கில் அவ்வளவு இனிப்பு. வீட்டில் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால் மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் அளவுக் குறிப்பே தேவையில்லை, எந்தப் பழத்துக்கும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

இந்த விஷயத்தில் வாழைப்பழத்துக்கு ஈடு கிடையாது. நன்கு பழுத்த வாழையில் இனிப்பும் இருக்கிறது, கூழைக் கட்டிப்பிடிக்கும் பெக்டினும் இருக்கிறது, தண்ணீரும் அளவோடுதான். தோலில் கறும்புள்ளி விழுந்து, கடையில் யாரும் எடுக்காத நிலைக்கு வந்த பழம்தான் இதற்கு மிகச் சிறந்தது. தோலுரித்து காசு போல நறுக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். முதலில் உப்புமா மாதிரி உதிரியாக வரும். இத்துடன் கெட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஜாரின் ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் நாலைந்து முறை அடித்தால் திடீரென்று வெண்ணெய் போலத் திரண்டு வரும். சுற்றவே மறுத்தால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடலாம். தொடர்ந்து ஓடவிட்டால் மோட்டார் சூடாகும், ஐஸும் உருகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன ஜாரில் அடிப்பதே நல்லது.

ரகம் பார்த்தால் ரோபஸ்டா, ஜி-9 போன்ற நீளப் பழங்கள் குழைவாக வரும், தனி மணம் இல்லாததால் எதனோடும் சேரும். பூவனில் ஒரு மெல்லிய புளிப்பு இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். கற்பூரவள்ளிக்குச் சர்க்கரையே வேண்டாம். ரஸ்தாளியில் மட்டும் கவனம் தேவை. உள்ளே கல் விழுந்த பழமாக இருந்தால் எவ்வளவு அடித்தாலும் அந்தக் கட்டி கரையாது. நறுக்கும்போதே பார்த்து ஒதுக்கிவிடுங்கள். பழம் கறுக்காமலிருக்க நறுக்கியதும் சில துளி எலுமிச்சைச் சாறு தெளித்தால் போதும்.

கிளிமூக்கைக் கூழாக்கி வைக்கும் முறை

மாம்பழத்துக்கு வருவோம். கிளிமூக்கு தட்டில் நறுக்கி வைத்துச் சாப்பிடும் பழம் அல்ல என்று ஒரு பெயர் இருக்கிறது. மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும் முன்னால் அது எடுபடாது என்பது உண்மைதான். ஆனால் கூழுக்கு அது நல்ல பழம். சதைப்பற்று அதிகம், நார் குறைவு, லேசான புளிப்பு உண்டு. உறைந்த இனிப்பில் அந்தப் புளிப்பு ஒரு பலம். குளிரில் நாக்கு இனிப்பைக் குறைத்தே உணரும் என்பதால், தனியாகச் சாப்பிடும்போது மந்தமாகத் தெரியும் பழம்கூட ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்.

காற்றில் விழுந்தது, தோலில் பால் வடிந்து கறை பட்டது, அளவில் சிறியது என்று வியாபாரி கழித்துவிடும் காய்களை வைக்கோலில் பழுக்க வையுங்கள். தோல் கறை சதையைத் தொடாது. ஆனால் பழ ஈ தாக்கி உள்ளே புழு வைத்ததையும், காம்புப் பக்கம் அழுகல் இறங்கியதையும் சேர்க்கவே கூடாது. அழுகிய இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தும் பழக்கத்தைக் கூழ் விஷயத்தில் விட்டுவிடுங்கள். ஒரு பழத்தின் நாற்றம் முழுப் பையையும் கெடுக்கும். பழத்தை நன்றாகக் கழுவி, துடைத்து, தோல் சீவி, ஈரமில்லாத ஜாரில் அடிக்க வேண்டும். ஒரு கிலோ பழத்தில் ஏறத்தாழ அரை கிலோ கூழ் கிடைக்கும். அதைக் கால் கிலோ, அரை கிலோ பைகளாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி, புத்தகம் மாதிரி தட்டையாகப் படுக்கவைத்து உறையவிடுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், படிகம் சிறிதாகும், இடமும் அடைக்காது. டப்பாவில் வைப்பதானால் மேலே ஒரு விரல் இடைவெளி வேண்டும், உறையும்போது கூழ் விரியும். பையின் மேல் தேதி எழுத மறக்காதீர்கள்.

மைனஸ் 18 டிகிரியில் நிற்கும் டீப் ஃப்ரீசர் என்றால் அடுத்த பொங்கல் வரைக்கும் கூழ் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறையில் அவ்வளவு குளிர் நிலையாக நிற்காது. இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மின்வெட்டு நீண்டு கூழ் முழுக்க உருகிவிட்டால் மறுபடி உறையவைக்காதீர்கள். அன்றைக்கே ஜூஸாகவோ மாந்தெரவாகவோ மாற்றிவிடுங்கள். புளித்த வாடை வந்தால் கால்நடைக்குக் கூடக் கொடுக்காமல் எருக்குழியில் போடுங்கள்.

ஐஸ் செய்ய அரை கிலோ மாங்கூழுக்கு நறுக்கி உறையவைத்த வாழைப்பழம் இரண்டு, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் அரை டம்ளர், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. இவற்றை அடித்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் நடுவுக்குக் கிளறிவிடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் போதும், கடைசியில் மூடிவைத்துவிடலாம். தேங்காய்ப்பால் வேண்டாம் என்பவர்கள் ஊறவைத்து அரைத்த நிலக்கடலையோ முந்திரி உடைசலோ சேர்க்கலாம். 2025ல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு பலரும் கடலைக்குத்தான் மாறியிருப்பீர்கள். வறுத்துத் தோல் நீக்கிய கடலை மாம்பழத்தோடு எதிர்பாராத அளவுக்குப் பொருந்துகிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

மற்ற பழங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சப்போட்டா அருமையாக வரும், ஆனால் முழுதாகப் பழுக்காததில் பால் இருந்து நாக்கைப் பிடிக்கும். பப்பாளி வாசனை பிடிக்காதவர்கள் இஞ்சிச் சாறு சேர்த்துப் பாருங்கள். பலாச்சுளையை அரைத்து வைத்தால் வீடே மணக்கும், மூடி இறுக்கமாக இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவும் பலா மணம் வீசும். கொய்யாவை வடிகட்டிவிட வேண்டும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் குழைவை எதிர்பார்க்காதீர்கள். குச்சி ஐஸாக ஊற்றிவிடுங்கள். இளநீர் வழுக்கையை அதே இளநீர் கொஞ்சம் விட்டு அடித்தால் பால் சேர்த்தது போலவே இருக்கும்.

சீத்தாப்பழத்துக்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை. அதன் விதையில் நச்சுப்பொருள் இருக்கிறது, நசுங்கிய விதை கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல் உண்டாகும். எனவே விதையோடு மிக்ஸியில் போடவே கூடாது. கையாலோ சல்லடையாலோ விதையைப் பிரித்த பிறகுதான் கூழை எடுக்க வேண்டும். சூடும் செய்யாதீர்கள், கசந்துவிடும்.

ஆரோக்கியம் என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்?

'பால் இல்லை, சர்க்கரை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று சொல்லும் வீடியோக்களில் பாதிதான் உண்மை. 100 கிராம் வாழைப்பழத்தில் 12 கிராம் அளவுக்கும், மாம்பழத்தில் 14 கிராம் அளவுக்கும் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. முழுப் பழமாகக் கடித்துத் தின்றால் ஒன்றோடு நிறுத்திவிடுவோம். அரைத்துக் குளிரவைத்தால் மூன்று பழம் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கிண்ணம், அதுவும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்து, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழையின் பொட்டாசியம் பிரச்சினையாகலாம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் சேர்த்தால் பாதிப்பில்லை என்பதும் சரியல்ல. ரத்தத்தில் அவையும் சர்க்கரைதான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேங்காய்ப்பாலின் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதையும் டம்ளர் டம்ளராக ஊற்ற வேண்டியதில்லை.

பாலில் கிடைக்கும் புரதமும் கால்சியமும் பழ ஐஸில் கிடையாது. பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது தவறான மாற்று. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ராகி, எள், முருங்கைக்கீரை, சிறுமீன் என்று கால்சியத்துக்கு வேறு வழி தேட வேண்டும். அப்படியானால் இதில் என்னதான் நன்மை? சேர்த்த சர்க்கரை ஏறக்குறைய இல்லை, செயற்கை நிறம் இல்லை, நார்ச்சத்து உண்டு, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியும். நம் சிறுவயதுக் குச்சி ஐஸிலும் பால் கிடையாதுதான். தண்ணீரும் சாயமும் இனிப்பும் தவிர அதில் என்ன இருந்தது?

விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு

ஒரு வீட்டில் 20 கிலோ மாம்பழத்தைக் கூழாக்கி வைப்பதால் டன் கணக்கில் தேங்கும் சரக்கு தீர்ந்துவிடாது. கிளிமூக்கு மரம் வைத்திருப்பவருக்கு ஆலையைத் தவிர வேறு பெரிய வாங்குபவர் இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். ஆலை மூட்டை கட்டினால் விலைக்கு அடிமட்டமே இருக்காது. கிராம அளவில் சிறு கூழ் எடுக்கும் நிலையமும் குளிர்பதன வசதியும் வந்தால் விவசாயி பத்து நாள் காத்திருக்கவாவது முடியும். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் வங்கிக் கடனோடு இணைந்த 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மகளிர் குழுவாகச் செய்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். பால் கொழுப்பு இல்லாததை ஐஸ்கிரீம் என்று எழுதக் கூடாது, 'பழ ஐஸ்' என்றே எழுதுங்கள். முதல் ஆண்டு திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, கல்யாண வீடு என்று அன்றைக்கே தீரும் இடங்களில் மட்டும் விற்பது நல்லது. கடைக்குப் போட்டால் அவர்கள் இரவில் ஃப்ரீசரை அணைத்துவிடுகிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. உருகி மறுபடி உறைந்த சரக்குக்குக் கெட்ட பெயர் வாங்கப்போவது நீங்கள்தான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாங்காய் இறங்குமுன் உங்கள் ஃப்ரீசரில் மொத்தையாகக் கட்டியிருக்கும் பனியை உருக்கித் துடைத்துவிட்டு, கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றிய பிறகு கூழ் போடுங்கள்.